பழைய போனிலும் திறக்கணும் என்ற சபுரா அக்கா

சபுரா அக்கா இறந்த செய்தி ‘மக்காச்சோளம்’ வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் பள்ளிக்குப் போக நின்றுகொண்டிருந்தேன். செய்திக்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அவற்றின் நடுவே ஒருவர், “இந்த மாத இதழ் திறக்கவில்லை. யாரைக் கேட்பது?” என்று எழுதியிருந்தார். இன்னொருவர் மேலே இருந்ததைப் படிக்காமலே, “சபுராவைக் கேளுங்கள்” என்று பதில் போட்டிருந்தார்.

சபுரா அக்காவை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. மக்காச்சோளம், போனில் செயலியாக வரும் சிறுவர் மாத இதழ். நான் அதில் புத்தகப் பக்கம் எழுதும் பதினொன்றாம் வகுப்பு மாணவி. லப்பைக்குடிக்காட்டுச் சபுரா அக்காதான் செயலியைச் செய்தவர், அது நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டவரும் அவரே. ஆசிரியர் குழுப் பட்டியலில் அவர் பெயர் எல்லோருக்கும் கீழே, ‘தொழில்நுட்ப உதவி’ என்று இருக்கும். காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வயது நாற்பதுகூட ஆகவில்லை.

செயலியை ஒருமுறை செய்துவிட்டால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். அது அப்படியில்லை. போன்கள் மாற மாற அதையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றாவிட்டால் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்துவிடுவார்கள். புதுப் போனுக்காக மாற்றினால் பழைய போனில் திறக்காமல் போய்விடும். எங்கள் வாசகர்களிடம் இருப்பதோ பழைய போன்கள்தான். லப்பைக்குடிக்காட்டில் பல வீடுகளில், வளைகுடாவில் இருக்கும் அத்தா புதுப் போன் வாங்கினால் பழையது அம்மாவுக்கு வரும். அம்மாவிடம் இருந்தது, கண்ணாடி விரிசல் விட்ட பிறகு பிள்ளைக்கு வரும். வெள்ளிக்கிழமை போனில் பேசும்போது அத்தா அங்கிருந்து ஒரு பக்கம் வாசிப்பார், பிள்ளை இங்கிருந்து அடுத்த பக்கம் வாசிக்கும். இரண்டு போனிலும் ஒரே இதழ் திறந்தால்தான் அது நடக்கும்.

அதனால் ஒவ்வொரு மாற்றத்தையும் வெளியிடுவதற்கு முன், சபுரா அக்கா தெருவில் இறங்கிப் பிள்ளைகளின் போன்களை வாங்கிச் சோதிப்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன். ஒரு வீட்டில் அந்த அம்மா போனைத் தரத் தயங்கினார்.

“இந்நேரம் பாத்து எங்க வூட்டுக்காரரு கூப்டுவாரே சபுரா?”

“கூப்டா நான் பேசிக்கிறேன் மாமி.”

“நீ பேசுனீன்னா, உன் வாய்க்குப் பயந்து அவரு ஊருக்கு வர்ற லீவையே கேன்சல் பண்ணிடுவாரு, தாயே!”

எல்லோரும் சிரித்தார்கள். போனில் இதழ் திறக்கவில்லை. அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு, “சனியன், கொன்னுடுச்சு” என்றார். அன்று வெளியிடவேண்டிய இதழை நிறுத்தி வைத்தார். ஆசிரியர் கண்ணப்பன் சார் அரியலூரிலிருந்து போன் போட்டுக் கத்தினார்.

அவர்கள் இருவருக்கும் ஓயாத சண்டை. பக்கம் புரளும்போது காகிதச் சத்தம் வர வேண்டும் என்று சாருக்கு ஆசை. அந்தச் சத்தத்தைச் சேர்த்தால் செயலி கனத்துப் பழைய போன்கள் திணறும்.

“காலத்தோட போகணும்மா” என்றார் சார்.

“நீங்க முன்னாடி போங்க சார். நான் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வரேன்” என்றார் அக்கா.

செயலியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ‘புதிதாக என்ன’ என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். என் போனில் இருக்கும் மற்ற செயலிகள் எல்லாம், உங்கள் அனுபவத்தை மேம்படுத்தியிருக்கிறோம் என்று ஒரே பொய்யை வாராவாரம் சொல்கின்றன. அக்கா எழுதிய குறிப்பு ஒன்றை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்: “புதிதாக ஒன்றும் இல்லை. போன மாதம் திறந்த போன்களில் இந்த மாதமும் திறக்கும்.” சார் அதைப் படித்துவிட்டு மானம் போய்விட்டது என்றார்.

அரியலூரில் ஒரு மண்டபத்தில் நினைவுக் கூட்டம் நடந்தது. மேடையில் அக்காவின் படம் பெரிதாக இருந்தது, அதற்குப் பக்கத்தில் சாரின் படம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வெளியாளிடம் கொடுத்துச் செய்த செயலியின் புதிய வடிவத்தை ‘சபுரா நினைவுப் பதிப்பு’ என்று வெளியிட்டார்கள். திறந்தால் முதலில் அக்காவின் முகம், அப்புறம் காகிதச் சத்தம். கை தட்டினார்கள். என் பக்கத்தில் எறையூரிலிருந்து வந்த தேன்மொழி உட்கார்ந்திருந்தாள். ஏழாம் வகுப்பு, எங்கள் இதழுக்கு விடாமல் விடுகதை அனுப்புகிறவள். தன் போனை என்னிடம் நீட்டினாள். ‘உங்கள் கருவிக்கு இந்தச் செயலி பொருந்தாது’ என்று இருந்தது.

“அக்கா, பழசையாச்சும் தொறக்கலாம்ல?”

பழையதை அன்று காலையே நிறுத்திவிட்டிருந்தார்கள்.

நான் எழுந்து நின்று, இவள் போனில் திறக்கவில்லை என்று சொன்னேன்.

சார் மைக்கிலேயே பதில் சொன்னார். “சின்னப் பிரச்சனைம்மா. புதுப் போன் வாங்குனா சரியாயிடும். இன்னிக்கி அக்காவப் பத்திப் பேசுவோம்.”

மறுபடியும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது. எந்தப் பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது என்று அக்கா சண்டை போட்டாரோ, அந்தப் பிள்ளைகளை அவர் பெயரைச் சொல்லியே வெளியே தள்ளிவிட்டார்கள். தேன்மொழி போனை அணைத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள், அழுக்குதான் காரணம் என்பதுபோல.

நினைவுப் பதிப்பில் வரும் அடுத்த இதழின் முதல் பக்கத்துக்கு என்னிடம் ஓர் அஞ்சலி கேட்டார்கள். பழையதைத் திரும்பத் திறந்துவிட்டால் தருகிறேன் என்றேன். “இந்த வயசுல இவ்ளோ வாய் ஆகாது” என்றார் சார். என் புத்தகப் பக்கத்தையும் வேறு யாரையாவது எழுதச் சொல்லிக்கொள்ளட்டும். எனக்குப் பிடித்த வேலை அது. விட்டது வலிக்கத்தான் செய்கிறது.

அக்காவைப்போல எனக்குச் செயலி செய்யத் தெரியாது. கற்றுக்கொள்ளும்வரை அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரே ஒரு வழக்கம்தான்: எல்லோருக்கும் கொடுப்பதற்கு முன், இருப்பதிலேயே மோசமான போனில் திறந்து பார்ப்பது. அதனால் இதைப் படமோ சத்தமோ இல்லாமல், வெறும் எழுத்தாகத் தேன்மொழிக்கு முதலில் அனுப்பினேன். கடைசி வரிவரை படிக்க முடிந்தது என்று சொன்னாள். அதன் பிறகே உங்களுக்கு அனுப்புகிறேன்.