அக்கா முளை அடித்த இடம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர், தெருவிலிருந்து வாசற்படிக்கு வருவதற்குள் வேட்டியையோ புடவையையோ முழங்கால்வரை தூக்கியிருப்பீர்கள். அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு.

வில்லியனூர்ப் பக்கம் ஓர் உழவர் வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைசி. அவர் நடவுக்கும் அறுப்புக்கும் போனதால்தான் நான் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போனேன். பதினாறு வயதில் புதுச்சேரிக்கு வாழ்க்கைப்பட்டார். வைத்திக்குப்பத்தை ஒட்டிய வாடகை வீட்டில் சுவர் எப்போதும் ஓதமேறி ஈரமாகவே இருக்கும். அங்கேதான் அவருக்கு மூச்சிழுப்பு வந்தது. காய்ந்த வீட்டுக்குப் போனால் பிழைக்கலாம் என்றார் மருத்துவர்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய நான்காம் ஆண்டு, அக்காவின் கணவரும் அவருடைய அண்ணனும் ரெட்டியார்பாளையத்தில் மனை வாங்கினார்கள். அண்ணனை நாங்கள் பெரிய மாமா என்போம். மழை விட்டதும் மனையைப் பார்க்கலாம் என்று ஆண்கள் வீட்டில் இருந்தோம். அக்கா மட்டும் ஐப்பசி அடைமழையில் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு போய் அங்கே நின்றார். மார்கழிக்குள் நான்கு முறை போனார். தண்ணீர் நிற்காத இடத்தைச் சுற்றிச் சவுக்கு முளைகள் அடித்துவிட்டு வந்தார். அது மனையின் பின்பாதி.

மார்கழியில் வேலை தொடங்கக் கூடாது, பேசலாம். பெரிய மாமா வீட்டில் பேசினோம்.

“மாமா, முன்னாடி தண்ணி நிக்குது. நாலு தரம் போயி பாத்துட்டேன். வூட்ட பின்னால தள்ளிக் கட்டலாம்” என்றார் அக்கா.

“ரோட்டுல போறவன் கண்ணுல படாத வூடு எதுக்கும்மா? மாட்டுக்கொட்டாயா கட்டுறோம்?” என்றார் பெரிய மாமா.

வீடு கட்டப் பேசியிருந்த மேஸ்திரி மெல்ல வாய் திறந்தார். “அம்மா சொல்றது சரிதாங்க…”

“நீ கரண்டியப் புடி, போதும். அஸ்திவாரத்த ஒன்றரை அடி தூக்கு. தண்ணியாம் தண்ணி!”

அக்காவின் கணவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அக்கா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு தம்பி. ஆபீசுல இதான உன் வேல?”

ஆம், கட்டட மனுக்களைப் பார்ப்பதுதான் என் வேலை. தெருவிலிருந்து எவ்வளவு தள்ளலாம், கிணற்றுக்கும் கக்கூசுக்கும் எவ்வளவு இடைவெளி, எல்லாம் எனக்கு மனப்பாடம். பின்னால் தள்ளிக் கட்ட எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் என் மகளுக்குப் பெரிய மாமா பார்த்த வரன் அப்போது முடியும் தறுவாயில் இருந்தது.

“பெரியவங்க சொல்றபடியே செய்யலாங்கா” என்றேன். வரைபடத்தையும் நானே வரைந்தேன். ஒரு திருத்தம்கூட இல்லாமல் அனுமதி கிடைத்தது.

போகியன்று பெரிய மாமா அந்த முளைகளைப் பிடுங்கி நெருப்பில் போட்டார். “பழசெல்லாம் எரியட்டும்!” என்று சிரித்தார். கூட நின்ற நாங்களும் சிரித்தோம். இதைப் படிக்கும் சிலருக்கு அது நினைவிருக்கும்.

அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் ஒரு முளைக்குழியில் முருங்கைப் போத்து ஒன்றை நட்டார். “வேர்ல தண்ணி நின்னா முருங்க அழுவிடும். பாப்போம்” என்றார்.

தையில் வாஸ்து நாளன்று மனை காய்ந்து, பெரிய மாமா சொன்னதற்குச் சாட்சியாகக் கிடந்தது. கடைக்கால் போட்டோம். ஆவணியில் நாம் குடிபுகுந்தோம். ஐப்பசியில் தண்ணீர் குடிபுகுந்தது. சுவர் மார்பளவு ஈரம் குடித்தது. அக்கா அந்த வீட்டில் இரண்டு மழைக்காலம் மூச்சுக்குத் திணறினார். இரண்டாவது கார்த்திகையில் திணறல் நின்றது. ஒருவரையும் ஒரு சொல் குறை கூறவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு இல்லை.

நன்றி கூற வேண்டியவர் ஒருவரே. கூப்பிடாமலே அந்த மழையில் வந்து, அக்காவின் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து, தண்ணீருக்கு மேல் தூக்கிக் கொடுத்த மேஸ்திரி. மற்றவர்கள் வந்து பார்த்தார்கள்; பெரிய மாமா வாசலோடு திரும்பினார், செருப்பு நனையும் என்று.

திதிச் சாப்பாட்டுக்குப் பந்தல் பின்புறம், முருங்கை மரத்தருகே போட்டிருக்கிறோம். இந்த மனையில் காய்ந்த இடம் அது ஒன்றுதான். எனக்கும் பெரிய மாமாவுக்கும் அங்கேதான் பக்கத்துப் பக்கத்தில் இலை.