லோடு கெளம்பிருச்சு

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற சாலையில் இருக்கும் ஒரு பட்டாசு கம்பெனியில், இருபத்திரண்டு வருஷமாகப் போனை எடுத்துப் பதில் சொல்லி வந்தவர் யோகேஸ்வரி. "எங்க சரக்கு எங்கம்மா வருது?" என்று கேட்கும் வெளியூர்க் கடைக்காரர்களுக்குப் பதில் சொல்வதுதான் வேலை. ஆவணி பிறந்துவிட்டால் தீபாவளி வரைக்கும் போனைக் கீழே வைக்க முடியாது. இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன பதில்களை வார்த்தைக்கு வார்த்தை சரிபார்த்தால் ஒன்றுகூடத் தேறாது. ஆனால் அவரால் ஏமாந்தவர் என்று ஒரு ஆளையும் காட்ட முடியாது.

"லோடு கெளம்பிருச்சு" என்று யோகேஸ்வரி சொன்னால், இன்னும் ஏற்றவே ஆரம்பிக்கவில்லை என்று பொருள். "விருதுநகர் தாண்டிருச்சு" என்றால் லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். "மதுரை தாண்டிருச்சு" என்று சொன்னால்தான் வண்டி கம்பெனி கேட்டைத் தாண்டியிருக்கிறது. இதை யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். திண்டுக்கல்லில் பெரிய கடை வைத்திருக்கும் சம்சு பாய், "கெளம்பிருச்சு" என்று காதில் விழுந்த நாளிலிருந்து மூன்றாம் நாளுக்குத்தான் பெட்டி இறக்க ஆள் சொல்லுவார். லாரியும் அந்த மூன்றாம் நாள்தான் அவர் குடோன் வாசலில் போய் நிற்கும்.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் தங்கச்சாமி காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் காலை ஷிப்டு. சாயங்காலம் சோறு வடிக்கிறது அவர் பொறுப்பு. யோகேஸ்வரி ஆபீசிலிருந்து போன் போட்டு "கெளம்பிட்டேங்க" என்றால், அரிசியை ஊறப்போட்டுவிட்டுத் தெருமுனைக்குப் போய் ஒரு டீ குடித்து, அரசியல் பேசி, வந்து உலை வைப்பார். அவர் சோற்றை வடித்து நிமிரும்போது யோகேஸ்வரி திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டிருப்பார்.

கம்பெனியில் யோகேஸ்வரிக்கு வேலை நியமன உத்தரவு என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு வாக்கியம் இருந்தது. பெரிய முதலாளி ராஜபாண்டியன் ஓர் ஆயுத பூஜை அன்று, அத்தனை பேருக்கு நடுவிலும், "யோகேஸ்வரி இருக்கிற வரைக்கும் அந்த நாற்காலி யோகேஸ்வரிக்குத்தான்" என்றார். ஊரார் பேச்சையெல்லாம் பிரித்து மேய்கிற யோகேஸ்வரி, இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிரித்துப் பார்க்கவில்லை. அன்றைக்கே வீட்டிலிருந்து இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைத் தைத்து எடுத்துவந்து அந்த நாற்காலியில் போட்டார்.

போன வருஷம் பெரிய முதலாளி தவறிப்போனார். மகன் சூர்யபிரகாஷ் வந்தார். வெளியூரில் படித்த பிள்ளை, கெட்டவர் என்று சொல்ல முடியாது. வந்தவுடன் ஆபீசுக்கு ஒரே ஒரு சட்டம் போட்டார்.

"இனிமே யாருக்கும் சும்மா ஒரு பதிலச் சொல்லாதீங்கக்கா. உள்ளத உள்ளபடி சொல்லுங்க. போன் எல்லாம் ரெக்கார்ட் ஆகும்."

நாற்பத்தொன்பது வயதில் வேறு எந்த ஆபீஸ் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் என்று யோகேஸ்வரிக்குத் தெரியும். அதனால் சொன்னபடி செய்தார். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது சம்சு பாய் போன் போட்டார்.

"பாய், ஒங்க லோடு இன்னும் ஏத்தல. நாளைக்குச் சாயங்காலம் ஏத்திருவோம்."

அந்தப் பக்கம் சம்சு பாய் கடை ரேடியோவை அணைக்கச் சொல்வது கேட்டது.

"ஏம்மா, கம்பெனியில எதுவும் ஆகிப்போச்சா?"

"ஒண்ணும் ஆகல பாய்."

"யாருக்கும் அடிகிடி படலையே?"

"அதெல்லாம் இல்ல பாய். ஏத்தல, அம்புட்டுத்தான்."

"ஏத்தலைன்னு நீயே வாயத் திறந்து சொல்றியேம்மா" என்றார் சம்சு பாய். அவர் குரலில் இழவு கேட்கிற மரியாதை இருந்தது.

அவர் கணக்கில் தப்பில்லை. வெறுமனே ஏற்றவில்லை என்றால் "கெளம்பிருச்சு" என்று சொல்லியிருப்பாள். ஏற்றவில்லை என்றே சொல்கிறாள் என்றால் சரக்கே இல்லை. சரக்கு இல்லை என்றால் லைசென்ஸ் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனியைப் பூட்டி சீல் வைத்திருக்க வேண்டும். மறுநாளே ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார். திண்டுக்கல்லிலிருந்து பேச்சு திருச்சிக்குப் போனது, அங்கிருந்து தஞ்சாவூருக்குப் போனது. மூன்றே நாளில் ஒன்பது கடைக்காரர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள். பெட்டிகள் குடோன் கூரையைத் தொட்டன.

சீசன் படுத்துவிட்டால் முதலில் காலியாகிற நாற்காலி எது என்று யோகேஸ்வரிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான்காம் நாள் காலையில் சாமி படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டு போனை எடுத்தார்.

"பாய், ஒங்க லோடு கெளம்பிருச்சு."

"அப்பிடிச் சொல்லும்மா" என்று சம்சு பாய் பெருமூச்சு விட்டார். "அப்ப இன்னைக்குத்தான் ஏத்தப் போறீங்க. புதன்கிழமைக்கு ஆள் சொல்லிடுறேன்."

அந்த வாரத்துக்குள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள். குடோன் காலியானது. நேர்மையாகப் பேசியதால் வந்த நம்பிக்கை இது என்று சூர்யபிரகாஷ் நாலு இடத்தில் பெருமையாகச் சொன்னார். பிறகு ஒரு நாள் சாயங்காலம், அந்த நேர்மையைக் காதால் கேட்க ஆசைப்பட்டு ரெக்கார்டைப் போட்டார்.

யோகேஸ்வரியை உள்ளே கூப்பிட்டார். மேஜைமேல் இருந்த செல்போனில் யோகேஸ்வரியின் குரலே "கெளம்பிருச்சு, கெளம்பிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏத்தாத லோடைக் கெளம்பிருச்சுன்னு சொல்லியிருக்கீங்க. இது பொய் இல்லையாக்கா?"

"பொய்யின்னா கேக்குறவுக நம்பணும்ல தம்பி. யாரும் நம்பலையே. ஏத்தலைன்னுதான அவுக அம்புட்டுப் பேரும் வெளங்கிக்கிட்டாக?"

"நீங்க சொன்னது ரெக்கார்ட்ல இருக்கு. அவங்க வெளங்கிக்கிட்டது ரெக்கார்ட்ல இல்லையேக்கா."

சூர்யபிரகாஷ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாளையிலருந்து லாரி எங்க போகுதுன்னு மெசேஜ் தானாப் போயிரும். நீங்க கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்க."

"ரெஸ்ட் எடுங்க"வின் அர்த்தம் யோகேஸ்வரிக்கு மனப்பாடம். உள்ளதை உள்ளபடி சொல்லச் சட்டம் போட்ட பிள்ளைக்குக்கூட, ஆளை அனுப்பும்போது பழைய பாஷைதான் தேவைப்பட்டது.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் எடுத்து வைத்தார்.

"நான் இருக்கிற வரைக்கும் அந்த நாற்காலி எனக்குத்தான்னு அப்பா சொன்னாக, தம்பி."

"ஆமாக்கா, எனக்கும் ஞாபகம் இருக்கு" என்றார் சூர்யபிரகாஷ். "இருக்கிற வரைக்கும்னுதான சொன்னாங்க?"

வார்த்தைக்கு வார்த்தை சரியாகத்தான் இருந்தது. வேலையில் இருக்கிற வரைக்கும் என்றும் அதற்குப் பொருள் வரும். இத்தனை வருஷம் தன்னைத் தாங்கிய வாக்கியத்தில் ஒரு எழுத்துக்கூடக் கூடுதலாக இல்லை என்பதை யோகேஸ்வரி அந்த அறையில் நின்றுதான் கவனித்தார். அழுகை வந்தது, ஆனால் சூர்யபிரகாஷ் முன்னால் அழவில்லை. வெளியே வந்து மெத்தையை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டிபன் பாக்ஸைப் பையில் போட்டு, வீட்டுக்குப் போன் செய்தார்.

"கெளம்பிட்டேங்க."

"சரி" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சாமி அரிசியை ஊறப்போட்டு டீ குடிக்கப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது வாசல் திறந்திருந்தது. அடுப்படியில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. யோகேஸ்வரி மெத்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்ட? நெசமாவே கெளம்பிட்டியா?"

"நெசமாவே கெளம்பிட்டேங்க."

தங்கச்சாமி மெத்தையைப் பார்த்தார். அதை வாங்கி, தான் வழக்கமாக உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியில் போட்டு, கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"உக்காரு" என்றார். அதற்கு உட்கார் என்று மட்டும்தான் அர்த்தம்.