ஆடிக் கிருத்திகைச் சாவிகள்

ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணியே மலைமேல் இருக்கும். லோயிஸம்மாள் மட்டும் கீழே இருப்பாள். கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணுக்கு மலையில் என்ன வேலை? அவள் கல்யாணமாகி மலையடித் தெருவுக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுக் கௌரியம்மாள் சரவணப் பொய்கையில் முழுகப் போகும்போது, ஈரப் புடவையில் சாவியை எங்கே முடிவது என்று இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மறு வருஷம் எதிர் வீட்டுச் சாவியும் வந்தது. அதற்கப்புறம் தெருவே வந்தது. காவடிக் கூட்டத்தோடு திருடனும் ரயிலில் வந்து இறங்குகிற நாள். சாவிகளை மடியில் கட்டிக்கொண்டு அவள் வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள்.

யாரும் கட்டளை போடவில்லை. மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பானாம்.

ஒரு கிருத்திகையன்று திருவாலங்காட்டில் இருக்கும் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது, நைனாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று. மடியில் தெருவின் சாவிகள். மலையிறங்கி வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் போய்ச் சேர்ந்தபோது நைனாவின் முகத்தை மூடியிருந்தார்கள். அந்தத் துக்கம் அவளுக்கு ஆறவே இல்லை. தெருவின்மேல் கோபம் வரவில்லை, தன்மேல்தான் வந்தது. அடுத்த கிருத்திகைக்கும் உட்கார்ந்தாள்.

இதில் கூத்து என்னவென்றால், யுத்த காலத்தில் ஒரு வருஷம் அலுப்பில் எதிர் வீட்டுச் சுப்பனின் சாவியைக் கௌரியம்மாளுக்கும், அவள் சாவியைச் சுப்பனுக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டாள். இருவரும் நிம்மதியாகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். எல்லாம் ஒரே கடைத் தகரப் பூட்டு. எந்தச் சாவி போட்டாலும் திறக்கும். இதற்கா பகலெல்லாம் காவல் காத்தோம் என்று அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் மகள் யூனிஸுக்குத் தலைப்பிரசவம். மருமகன் பாலுக்கு அரக்கோணத்தில் ரயில்வே உத்தியோகம்; ஆஸ்பத்திரி அங்கேதான். நாள் கிருத்திகையை ஒட்டி வந்தது. இந்தத் தடவையாவது போக வேண்டும் என்று லோயிஸம்மாள் முடிவு கட்டினாள். தெரு நல்ல பூட்டாகப் பூட்டிக்கொண்டால் தன்னை விட்டுவிடும் என்பது அவள் கணக்கு.

கௌரியம்மாளையும் சுப்பனையும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவில் கங்காதரன் கடைக்குப் போனாள். அவர் பளபளப்பாக எடுத்துப்போட்டதையெல்லாம் ஒதுக்கினாள். ஒன்றின் சாவியை இன்னொன்றில் விட்டுத் திருகிப் பார்த்தாள், திறந்தால் தள்ளிவைத்தாள்.

"இன்னாம்மா, பொண்ணு பாக்கற மாதிரி பாத்துகினு இருக்கற?" என்றார் கங்காதரன்.

"திண்டுக்கல் பூட்டு இருந்தா எடுங்க. கையில எடுத்தா கனக்கணும். ஒரு சாவிக்கு இன்னொண்ணு தொறக்கக் கூடாது."

கனமான பூட்டுகள் வந்தன. அவளே கொண்டியை இழுத்துப் பார்த்துத் தேர்ந்து கொடுத்தாள். பார்த்துவிட்டு மற்ற வீட்டுக்காரர்களும் வாங்கினார்கள். இனிக் கவலையில்லை என்று அவள் மூட்டை கட்டிவைத்தாள்.

கிருத்திகைக் காலையில் கௌரியம்மாள் வாசலில் வந்து நின்றாள், கையில் பெரிய இரும்புச் சாவி.

"நல்ல பூட்டாச்சே லோயிசு. சாவி குளத்துல வுழுந்துட்சின்னா கதவைத்தான் ஒடைக்கணும். நீயே வெச்சிக்கோ."

பின்னாலேயே சுப்பன். அவனுக்குப் பின்னால் தெரு. அவள் வாயைத் திறந்தாள். கை நீண்டு வாங்கிக்கொண்டது. மடி முன்னைவிடக் கனத்தது.

மேளச் சத்தம் மலையேறித் தேய்ந்தபோது ரயில்வே ஆள் ஒருவன் வந்தான். "பால் சொல்லி அனுப்ச்சாருங்க. வலி கண்டுட்சாம்."

சாவிகளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகலாம் என்று எழுந்தவள், கதவருகே போய் அப்படியே நின்றாள். அந்தக் கதவுக்குப் பூட்டே இல்லை. உள்ளே தாழ்ப்பாள், வெளியே ஒரு சங்கிலி. தெருவுக்கெல்லாம் பூட்டுப் பார்த்துக் கொடுத்தவளுக்குத் தனக்கொன்று வேண்டுமென்று தோன்றவே இல்லை. எப்போதும் வீட்டோடு கிடக்கிறவளுக்குப் பூட்டு எதற்கு?

நைனாவின் மூடிய முகம் நினைவுக்கு வந்தது. சாவிகளைப் புடவைத் துண்டில் முடிந்து மூட்டைக்குள் போட்டாள். சங்கிலியை மாட்டினாள். ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை திரும்பினாள். தெருவில் ஒவ்வொரு கதவிலும் திண்டுக்கல் பூட்டு அசையாமல் தொங்கியது. அவள் வீடு மட்டும் திறந்திருந்தது. கூடத்தில் தெருவே வரிசையாகப் படுத்திருந்தது, சில தலைகள் மொட்டையாக. அடுப்பில் அவள் அரிசி கஞ்சியாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"உள்ள வா லோயிசு," என்று அவள் வீட்டுக்குள் அவளையே அழைத்தாள் கௌரியம்மாள். "நல்ல பூட்டுதான் பாத்துக் குட்த்த. ஒண்ணும் அசையல."

லோயிஸம்மாள் முடிச்சை அவிழ்த்துச் சாவிகளைத் தரையில் கொட்டினாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

"பொண்ணு பொறந்திருக்குது," என்றாள். "யூனிஸ் கையைப் புட்ச்சிகினே இருந்தேன்."

கௌரியம்மாள் சாவியை எடுக்கவில்லை. "உங்க நைனாவுக்குத்தான் அன்னிக்கு நீ போவல," என்றாள்.

அது தெருவுக்கு நினைவிருக்கும் என்று லோயிஸம்மாள் நினைத்ததே இல்லை. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். யாரோ ஒரு பாயைக் காலிசெய்து கொடுத்தார்கள். அவள் படுத்துத் தூங்கினாள். வாசலில் கௌரியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.