இரு கரைக்கும் ஒரே பிணம்

செத்தவர்கள் தும்மக் கூடாது. இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாத நாடகக் குழு மாணவர்களை வைத்துக்கொண்டுதான் பல்கலைக்கழகத்தின் பேரிடர் மேலாண்மைத் துறை தன் முதல் கூட்டுப் பயிற்சியை நடத்தப் பார்த்தது. ஆற்றங்கரை ஈரமணலில் படுத்த கொஞ்ச நேரத்திலேயே ஒருவன் தும்ம, பக்கத்தில் கிடந்தவள் சிரிக்க, பிணங்கள் மொத்தமும் எழுந்து உட்கார்ந்துவிட்டன. பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார்.

தேநீர் ஃபிளாஸ்கோடு ஓரமாக நின்றிருந்தவளை அப்போதுதான் அவர் பார்த்தார். துறையின் அறைகளைத் திறந்து பெருக்கி, மாலையில் விளக்கை அணைத்துப் பூட்டுவது அவள் வேலை. "நீங்க கொஞ்சம் படுக்குறீங்களாம்மா?" என்று கேட்டார். படுத்தாள். முதுகு வலிக்கு மணல் இதமாக இருக்கவே அப்படியே தூங்கிப்போனாள். அக்கரையிலிருந்து வந்த முதலுதவிப் பையன் ஒருவன் அவள் கையைத் தூக்கி விட்டான். கை தொப்பென்று விழுந்தது. பையன் முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கு வந்த பெயர்தான் 'பொணம் அக்கா'.

அந்த ஆறுதான் எல்லை. இக்கரை ஒரு நாடு, அக்கரை வேறு நாடு. ஒரு காலத்தில் கரையோரக் கிடங்கு ஒன்று பற்றி எரிந்தபோது இரண்டு பக்கத்துத் தீயணைப்பு வண்டிகளும் அலறியடித்துக்கொண்டு வந்தன. இவர்கள் குழாயின் வாய் அவர்கள் வண்டியில் பொருந்தவில்லை. இரண்டு நாட்டுக்காரர்களும் தோளோடு தோள் நின்று கிடங்கு எரிவதை வேடிக்கை பார்த்தார்கள். பேராசிரியர்கள் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். வீரர்கள் அதைப் படிக்கவில்லை. வீரர்கள் டீக்கடையில் புலம்பினார்கள். பேராசிரியர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. இப்படியே காலம் ஓடி, ஒருவழியாக இரண்டு பல்கலைக்கழகமும் இரண்டு தீயணைப்பு நிலையமும் சேர்ந்து ஒரே வகுப்பு நடத்துவதென்று முடிவாயிற்று. காலையில் வகுப்பறை, மதியம் ஆற்றங்கரை. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன்.

பயிற்சிக்குச் சில விதிகள் இருந்தன. போன உயிருக்குக் கறுப்பு அட்டை. மூச்சு நின்றவர் போல நடிப்பவரின் மார்பில் கையை வைக்கலாம், அழுத்தக் கூடாது. எண்ணிக்கையை மட்டும் வாயால் சொல்ல வேண்டும். நிஜமாக அழுத்தினால் விலா எலும்பு என்னத்துக்காகும்? எல்லாம் முடிந்ததும் நிலைய அதிகாரி தன் கழுத்தில் தொங்கும் விசிலை ஊதுவார். பிணங்கள் எழுந்து மணலைத் தட்டிவிட்டுத் தேநீருக்கு வரிசையில் நிற்கும்.

நாள் போகப் போகப் பேராசிரியருக்கு ஆர்வம் கூடிவிட்டது. யாருக்கும் சொல்லாமல், ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டு, திடீரென்று பயிற்சி வைப்பார். எங்காவது மரத்துக்குப் பின்னால் நின்று பார்ப்பார். அவளுக்கு வசனமும் எழுதிக் கொடுத்தார். "என் வீட்டுக்காரரைப் பாருங்க", "ஐயோ, படகுக்குள்ள பசங்க இருக்காங்க". ஒரு தடவை, "இது பயிற்சி இல்ல, நிஜம்" என்றுகூட எழுதினார். எந்தக் கூச்சலுக்கும் வீரர்கள் பதறாமல் இருக்கப் பழக வேண்டுமாம்.

அவள் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தபடி செய்தாள். ஆனால் உள்ளுக்குள் ஏதோ சரியில்லை. கண்ணை மூடிக் கிடக்கும்போது மணல் வழியாகக் காலடிகள் முதுகில் கேட்கும். யாரோ குனிவார்கள். "இந்தம்மா போயாச்சு, அடுத்த ஆளைப் பாரு" என்பார்கள். முதலில் அதைக் கேட்டால் சிரிப்பு வரும். பிறகு சிரிப்பு வருவது நின்றுவிட்டது. அக்கரைக் கடைத்தெருவில் ஒரு தீயணைப்பு வீரரின் சின்ன மகள் அவளைக் கண்டதும் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, "செத்துப்போன அத்தை" என்று வீறிட்டாள். அந்த மனிதர் அசடு வழிந்தார். அவள் எதுவும் வாங்காமலே படகுத்துறைக்குத் திரும்பினாள்.

அவள் கணவருக்குப் பஞ்சர் கடை. வாய்த்துடுக்குக்காரர். "ஊர்ல எல்லாரும் பொழைக்கிறதுக்குச் சம்பளம் வாங்குறாங்க. என் பொண்டாட்டி சாகுறதுக்கு வாங்குறா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் ஒரு நாளும் பயிற்சியைப் பார்க்க வந்ததில்லை. ஒரு மதியம் அவள் கட்டிலில் அயர்ந்து கிடந்தபோது அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். அவளுக்கு விழிப்புத் தட்டிவிட்டது. விளையாட்டாக மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விரல் அங்கேயே நின்றது. அவள் கண்ணைத் திறந்ததும் அவர் எழுந்து வெளியே போனவர்தான், ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினார்.

அக்கரையில் இருக்கும் தங்கையைப் பார்க்க, கெஞ்சிக் கூத்தாடி அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு காலையில் படகேறினாள். வளைவு திரும்பும் இடத்தில் நீருக்கடியில் கிடந்த மரம் ஒன்றில் படகு மோதிச் சாய்ந்தது. பயிற்சி நடக்கும் அதே வளைவு. தண்ணீர், இருட்டு, யாருடைய கையோ அவள் முடியைப் பிடித்து இழுத்தது. கண் திறந்தபோது மணலில் கிடந்தாள். பக்கத்தில் வரிசையாக ஆட்கள். படகோட்டி அவள் கணவரையும் இழுத்து வந்து அவளருகே போட்டுவிட்டு மறுபடி ஆற்றில் பாய்ந்தான். கவிழ்ந்த படகின் அடியில், கூட வந்த பள்ளிப் பிள்ளைகள் இன்னும் இருந்தார்கள்.

இரண்டு கரை வண்டிகளும் வந்துவிட்டன. என்ன வேகம், என்ன ஒழுங்கு! படித்த படிப்பு வீண் போகவில்லை. முதலில் ஓடி வந்தது அந்த முதலுதவிப் பையன். அவளைப் பார்த்தான். ஓட்டம் நடையாயிற்று.

"அட, நீங்களா அக்கா!" என்று சிரித்துவிட்டுத் திரும்பிக் குரல் கொடுத்தான். "சார், பொணம் அக்கா! பயிற்சிதான்!"

கரை முழுக்க ஒரு பெருமூச்சு பரவியது. யாரோ ஒருவர் மரங்களின் பக்கம் பார்த்துக் கையசைத்தார்.

"தம்பி, என் வீட்டுக்காரரைப் பாருப்பா" என்றாள்.

"பார்க்கறேன்க்கா."

அவரருகே மண்டியிட்டான். மார்பில் இரண்டு கையையும் வைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று கணீரென்று எண்ணினான். கைகள் சும்மா இருந்தன. சட்டைகூடக் கசங்கவில்லை.

"அழுத்துப்பா! நிஜமாவே மூச்சில்லப்பா!"

"சூப்பர் அக்கா" என்று எண்ணிக்கைக்கு நடுவே கண் சிமிட்டினான்.

"படகுக்குள்ள பசங்க இருக்காங்க! இது பயிற்சி இல்ல!" என்று கத்தினாள். சுற்றி நின்றவர்கள் பதறாமல் தலையாட்டினார்கள். அவள் வாயில் வந்ததெல்லாம் பேராசிரியர் எழுதிக் கொடுத்ததாகவே இருந்தது. வேறு வார்த்தைக்கு எங்கே போவாள்? பையன் எழுந்து கறுப்பு அட்டையை எடுத்து அவர் சட்டைப் பொத்தானில் மாட்டினான். "யாருக்கா இது, புது ஆளா? அசையவே மாட்டேங்கிறாரே!" என்று மெச்சிக்கொண்டான்.

அவள் எழுந்தாள். ஒரு கால் நிற்கவில்லை. அதை இழுத்துக்கொண்டே போய் நிலைய அதிகாரியின் கழுத்திலிருந்த விசிலைப் பிடுங்கி ஊதினாள். மூச்சிருக்கும் மட்டும் ஊதினாள்.

வீரர்கள் கையுறையைக் கழற்றினார்கள். ஒருவர் சோம்பல் முறித்தார். எல்லாரும் மணலைப் பார்த்தார்கள்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

படுத்திருந்த ஒரு பெண்ணின் திறந்த கண்ணில் ஈ ஒன்று உட்கார்ந்தது. கண் மூடவில்லை. பையன் பேயறைந்தது போல நின்றான். அடுத்த கணம் ஒரு கூச்சலோடு அவள் கணவர் மேல் விழுந்து மார்பை அழுத்தத் தொடங்கினான். எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. மற்றவர்கள் ஆற்றில் குதித்தார்கள். படகின் அடியிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் சிலரை உயிரோடு எடுத்தார்கள்.

அவள் கணவர் பிழைக்கவில்லை.

அடுத்த பருவத்தில் இரண்டு பல்கலைக்கழகமும் அதையே பாடமாக வைத்தன. பயிற்சிக்கு இனி தெரிந்த முகம் கூடாது என்றும் முடிவு செய்தன. அவளை வந்து பேசச் சொல்லிக் கேட்டார்கள். அவள் ஊன்றுகோலோடு போய் நின்றாள். அக்கரை வீரர்கள் ஒரு பக்கம், மாணவர்கள் ஒரு பக்கம். அந்தப் பையன் கடைசி வரிசையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். பேராசிரியர், உலகத்தில் எந்தப் பாடத்திலும் இல்லாத சமயோசித புத்தி என்று அவளைப் பாராட்டினார்.

முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். "அம்மா, விசில் ஊதினா அவங்களுக்குப் புரிஞ்சிடும்னு அந்த நேரத்துல எப்படித் தோணிச்சு?"

"அவங்களுக்குப் புரியணும்னு ஊதலம்மா."

"பின்ன எதுக்கு?"

"விசில் ஊதினா எப்பவும் எல்லாரும் எழுந்துடுவாங்க. அவரும் எழுந்துடுவார்னு நெனச்சேன்."