கோலுக்குப் பின்னால் நின்றவர்

என் கணவர் பந்தாடியவர் இல்லை. ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் கேப் ஓட்டினார். ஆனாலும் பெங்களூரில் பந்தாட்டத்துக்குப் பேர்போன ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவருக்கு ஃபுட்பால் தெரியாமல் இருக்குமா? எங்கள் ஒரே மகள் ஸ்கூல் டீமில் கோல்கீப்பர் ஆனதிலிருந்து, ட்யூட்டி முடிந்தால் வண்டி நேராக மைதானத்துக்குத்தான் போகும். வலைக்குப் பின்னால் நின்றுகொண்டு கத்துவார்.

"முன்னாடி வா பாப்பா! கைய விரி! அப்டித்தான்!"

"நைனா, கம்முனு இரு. எல்லாரும் பாக்குறாங்க" என்பாள் அவள்.

"பாக்கட்டுமே. என் பொண்ண பாக்கத்தான வந்துகிறாங்க?"

வண்டியில் ஏறுகிறவர்களிடமும் அவளைப் பற்றித்தான் பேச்சு. போனில் அவள் பாய்ந்து பந்து பிடிக்கும் வீடியோவை சிக்னலில் நிற்கும்போது திருப்பிக் காட்டுவாராம். அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவள் காலேஜில் சேர்ந்த வருஷம், ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஸ்ட்ரோக். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கையும் காலும் அவருடையதாக இல்லை. பேச்சும் போய்விட்டது. எப்படியோ ஒரே ஒரு வார்த்தை மட்டும் தங்கியது. 'போ.' தண்ணீர் வேண்டுமென்றாலும் போ. வலித்தாலும் போ. என்னைப் பக்கத்தில் கூப்பிடுவதற்கும் அதே போ.

வண்டியை விற்றோம். நான் பெண்கள் தங்கும் பி.ஜி. ஒன்றில் காலைச் சமையலுக்குச் சேர்ந்தேன். நான் வேலையில் இருக்கும் நேரத்தில் அவரைத் தூக்கி, குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைப்பது மகளின் வேலையாயிற்று. பாதி நாள் காலேஜுக்குப் போகமாட்டாள். சாயங்காலம் காலேஜ் டீம் பிராக்டிஸை மட்டும் விடவில்லை.

ஒரு நாள் என்னிடம் வந்து, "நாளைக்கு செமிஃபைனல். நைனாவ கூட்டினு வாம்மா" என்றாள். "பின்னாடி யாரும் இல்லாம எனக்கு ஆடவே வரல."

ஆட்டோவில் கூட்டிப் போய், ஆட்டோக்காரர் கைகொடுக்க, வலைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். ஆட்டம் முடியப் போகிற நேரம் எதிர் டீமுக்குப் பெனால்ட்டி. மகள் இடப்பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டாள். இவர் நல்ல காலை ஊன்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார். "போ! போ! போ!" முகமெல்லாம் சிரிப்பு. வாயோரம் எச்சில். பக்கத்தில் நின்ற பையன்கள் சிலர் அவரைப் போலவே வாயைக் கோணிக்கொண்டு "போ, போ" என்று கத்திச் சிரித்தார்கள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டாள்.

அந்த மேட்ச்சில் ஜெயித்தார்கள். டீமோடு போட்டோவுக்கு அவள் நிற்கவில்லை. வந்து அவர் காலடியில் மண்ணில் உட்கார்ந்துகொண்டாள். அவர் இடது கையால் அவள் தலையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பையன்களை அவர் கவனிக்கவே இல்லை என்றுதான் இன்றும் நம்பப் பார்க்கிறேன்.

அடுத்த வாரம் கோச் வீட்டுக்கு வந்தார்.

"ஸ்டேட் கேம்ப்புக்கு செலக்ட் ஆயிட்டாம்மா. ஒரு மாசம் அங்கயே தங்கணும். நல்லா ஆடுனா டீம்ல எடுத்துடுவாங்க."

இவர் கோச்சின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "போ... போ..." கோச் சங்கடத்தோடு எழுந்து நின்றுவிட்டார்.

"உங்கள போகச் சொல்லல சார்" என்றேன். "அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும். உக்காருங்க."

கோச் போன பிறகு மகள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "நான் போகலம்மா."

"நைனாவே போன்னு சொல்றாருடீ!"

"அவரு எல்லாத்துக்கும் அதான சொல்றாரு."

"நான் பாத்துக்கறேன். நீ போ."

"நீ வேலைக்குப் போனா அவர யாரு தூக்குவா? சொல்லு."

அவளுடையது கீப்பரின் கை. அவரை அலுங்காமல் தூக்கிவிடுவாள். என்னால் அது முடியாது. ஆள் வைத்துப் பார்க்க வசதியும் இல்லை. வேறு வழி ஏதாவது இருக்குமா என்று விடிய விடிய யோசித்தேன். எதுவும் தோன்றவில்லை.

கேம்ப் அவள் இல்லாமலே நடந்தது. அப்புறம் பிராக்டிஸுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். காலேஜும் நின்றது. இப்போது மத்தியானம் நான் திரும்பியதும் மாலில் ஒரு துணிக்கடைக்குக் கிளம்புகிறாள். கடை மூடும்வரை நின்றபடியே வேலை. வந்தால் கால் வீங்கியிருக்கும். எண்ணெய் தேய்த்துவிடட்டுமா என்று கேட்டால், "பேடாம்மா, ஒண்ணும் வேணாம், தூங்கு" என்பாள். கோச் இரண்டு முறை போன் செய்தார். பிறகு செய்யவில்லை.

சாயங்காலமானால் இவர் சட்டையை எடுத்து இடது கையால் மாட்டிக்கொள்ளப் பார்க்கிறார். முடியாமல் என்னைப் பார்க்கிறார். மனசு கேட்காமல் சில நாள் ஆட்டோக்காரர் துணையோடு மைதானத்துக்குக் கூட்டிப் போகிறேன். வேறு வீட்டுப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கும். கோலில் நிற்கும் பெண்ணை உற்றுப் பார்ப்பார். பிறகு என் பக்கம் திரும்புவார்.

"அவ வேலைக்குப் போயிருக்கா" என்பேன்.

தலையை ஆட்டுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கோலைப் பார்ப்பார், மறுபடியும் என்னை.