போகாத நாளின் டெம்பரேச்சர்

எழுபதுகளின் கடைசி வருடங்களில் நடந்தது இது. தேனி அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கத்துப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் நான் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருடத்தில் எங்களைக் கிராமங்களில் கொண்டுபோய் விடுவார்கள். எனக்கும் என் வகுப்புத் தோழி ஒருத்திக்கும் தேவாரத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருந்த ஒரு துணை சுகாதார நிலையம் கிடைத்தது. இரண்டு மாதம் அங்கேயே தங்கல்.

இதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. வேலை பார்த்த ஊரிலெல்லாம் நல்ல பேர் எடுத்தவள் நான். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, ஜீப்பில் ஏற்றி வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். அந்த மாலையை வாங்கிக்கொள்ள எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் படிப்பில் கேஸ் ஸ்டடி என்று ஒன்று உண்டு. பிள்ளை பெற்ற ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, பத்து நாள் தினமும் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். டெம்பரேச்சர், நாடி, வயிறு, உதிரப்போக்கு எல்லாம் பார்த்து சார்ட்டில் ஏற்ற வேண்டும். அதோடு விட்டால் பரவாயில்லை. நாற்பது பக்க நோட்டில் அவள் குடும்பக் கதை, கர்ப்பப்பையின் படம், கலர் பென்சிலில் அம்புக்குறி, பிரவுன் அட்டை, எல்லாம் வேண்டும். கடைசிப் பக்கத்தில் ‘இந்த நோயாளியிடம் நான் கற்றுக்கொண்டது’ என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை எங்களில் யாரும் சொந்தமாக எழுதியதே இல்லை. சீனியர் நோட்டிலிருந்து நாங்கள் காப்பி அடிப்போம். எங்கள் நோட்டிலிருந்து ஜூனியர்கள் அடிப்பார்கள். நோயாளிதான் மாறுவாள், கற்றுக்கொண்டது மட்டும் வருடா வருடம் அதேதான்.

எனக்குக் கிடைத்தவளுக்கு என் வயதுதான், பத்தொன்பது. நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடந்தால் அவள் வீடு. புருஷன் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை, பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் இறங்கி வருவான். கூட இருந்தது அவனுடைய அக்கா. அவளை இவள் மதினி என்று கூப்பிடுவாள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். தலைப்பிரசவம், பெண் குழந்தை, செவ்வாய்க்கிழமை வீட்டிலேயே பிறந்தது. எங்கள் நிலையத்து நர்ஸ்தான் பிரசவம் பார்த்தார். அவருக்கு ஐந்து ஊர் பொறுப்பு. “அந்த வீட்டை இனிமே நீ பாத்துக்க. ஏதாச்சும்னா எனக்குச் சொல்லு” என்று என்னிடம் விட்டுவிட்டார்.

வீடுகளுக்குப் போனால் எங்கள் பையைத் தரையில் வைக்கக் கூடாது. நியூஸ் பேப்பரை விரித்து, அதன்மேல்தான் வைக்க வேண்டும். சுத்தத்துக்கான விதி அது. முதல் நாள் நான் பேப்பரை விரித்ததும் அவள் பாயில் படுத்தபடியே சிரித்தாள்.

“எங்க வீடு என்ன அம்புட்டு அசிங்கமாவா கெடக்கு நர்சம்மா? நேத்துத்தான் மதினி சாணி போட்டு மொழுகுனாக.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விதி அப்படி என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பேப்பரை மடித்து அவர்கள் வீட்டுச் சுவரிலேயே செருகிவிட்டு வந்தேன். மறுநாள் நான் போவதற்கு முன்பே அது விரித்துக் கிடந்தது. “ஒங்க சிம்மாசனம் போட்டாச்சு, உக்காருங்க” என்றாள். தெர்மாமீட்டரை வாயில் வைத்தால் சிரிப்பை அடக்க முடியாமல் திணறுவாள். ‘சும்மா கெட புள்ள, கண்ணாடிக் குழலக் கடிச்சு வச்சிராத’ என்று மதினி அதட்டுவாள். மூன்று நாளில் எனக்கு அந்த வீடு பிடித்துப்போனது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு டெம்பரேச்சர் 99 இருந்தது. அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பால் ஊறுகிற சமயத்தில் லேசான காய்ச்சல் வரும், கர்ப்பப்பை சுருங்குகிற வலியும் இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதைச் சொன்னேன். காய்ச்சல் ஏறினால் அன்றைக்கே நர்ஸிடம் சொல்ல வேண்டும் என்றும் அதே புத்தகத்தில் இருந்தது. அதனால் மறுநாள் வந்து திரும்பப் பார்க்கிறேன் என்றேன்.

“கட்டாயம் வருவீகல்ல?”

“கட்டாயம் வருவேன்.”

அன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. வியாழக்கிழமை நோட்டைத் திருத்த வருவதாக இருந்த டியூட்டர் மேடம் திங்கட்கிழமையே வருகிறாராம், நோட்டு தயாராக இருக்க வேண்டுமாம். என் நோட்டில் பாதிகூட முடியவில்லை. படம் ஒன்றுகூடப் போடவில்லை. எங்கள் டியூட்டர் மேடம் பாஷை தெரியாத ஊருக்கு வந்து கஷ்டப்பட்டு முன்னேறிய மலையாளத்துக்காரர். பாசக்காரர்தான். ஆனால் நோட்டு அழகாக இல்லையென்றால் எல்லாருக்கும் முன்னால் தூக்கி எறிவார். போன தடவை எறிந்தது என் நோட்டைத்தான்.

சனிக்கிழமை காலையில் கலர் பென்சிலும் பிரவுன் பேப்பரும் வாங்கத் தேவாரத்துக்குப் போனேன். குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. திரும்பி வர மத்தியானம் ஆகிவிட்டது. வெயிலில் முக்கால் மணி நேரம் போக, முக்கால் மணி நேரம் வர. கணக்குப் போட்டுப் பார்த்தேன், படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

“ஏன்டி, நீ இன்னைக்கு அங்கன போகலையா?” என்று தோழி கேட்டாள்.

“நாளைக்குச் சேத்துப் பாத்துக்கலாம்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமையும் போகவில்லை. அட்டை போடுவது, தலைப்பு எழுதுவது, சார்ட்டுக்குக் கோடு போடுவது என்று பொழுது ஓடிவிட்டது. சார்ட்டில் சனி, ஞாயிறு இரண்டு கட்டம் காலியாக இருந்தால் மேடம் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். சனிக்கு 98.8 போட்டேன். ஞாயிறுக்கு 98.6. அப்படியே படிப்படியாக இறங்குகிற மாதிரி ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். ரொம்ப அழகாக வந்தது. கையோடு கடைசிப் பக்கத்தையும் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதி முடித்தேன். ‘பிரசவித்த தாயைத் தினமும் கவனிப்பதன் முக்கியத்துவத்தை இந்த நோயாளியிடம் நான் கற்றுக்கொண்டேன். தாயும் சேயும் நலம்.’

இதைவிட வெட்கக்கேடு உண்டா? அவளைப் பற்றி எழுதுவதற்காக அவளைப் பார்க்கப் போகவில்லை நான்.

திங்கட்கிழமை டியூட்டர் மேடம் பள்ளி ஜீப்பில் வந்தார். நோட்டைப் புரட்டப் புரட்ட முகம் மலர்ந்தது. “மோளே, படம் நல்லா வந்திருக்கு” என்றார். வா, அந்த வீட்டையும் பார்த்துவிடலாம் என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். வழி நெடுக எனக்குப் பெருமை. இரண்டு நாள் போகாதது நெஞ்சில் லேசாக உறுத்தியது, அவ்வளவுதான்.

மேடம் குழந்தையிடம் போக, நான் பாய்க்குப் பக்கத்தில் குனிந்ததுமே நாற்றம் அடித்தது. பிள்ளை பெற்றவளுக்கு உள்ளே சீழ் பிடித்தால் வருகிற நாற்றம் என்று படித்திருந்தேன், அன்றைக்குத்தான் முதல் தடவையாக மூக்கில் ஏறியது. அவள் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. பாயின் ஓரத்தில் நியூஸ் பேப்பர் விரித்துக் கிடந்தது, அதன்மேல் தூசி படிந்திருந்தது.

“வந்துட்டீகளாத்தா?” என்று மதினி அழுதாள். “சனிக்கெழம காலையிலேயே பேப்பர விரிச்சு வச்சுட்டுப் பாத்துக்கிட்டே கெடந்தா. ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டச் சொல்றேன்டின்னேன். நர்சம்மா கட்டாயம் வாரேன்னாக, அவுக வந்து பாத்துச் சொல்லட்டும் மதினின்னு ஒத்தக்கால்ல நின்னுட்டா.”

மேடம் குழந்தையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், இது அவர் காதில் சரியாக விழவில்லை. என் காதில் ஒரு எழுத்து விடாமல் விழுந்தது. தெர்மாமீட்டர் 104 காட்டியது.

ஜீப்பில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் தலை என் மடியில் இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “பேப்பரு விரிச்சுத்தான் வச்சிருந்தேன்” என்றாள். அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

டாக்டர் எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்டார். “முந்தாநாத்து சாயங்காலத்துல இருந்தே குளுருதுய்யா, பல்லுக் கிட்டிப் போகுது” என்றாள் மதினி. டாக்டர் அவளைப் பார்க்கவில்லை, மேடம் நீட்டிய என் சார்ட்டைப் பார்த்தார். மேடத்திடம் ஆங்கிலத்தில் சொன்னார். நேற்று வரைக்கும் நார்மல், இன்றைக்குத்தான் ஏறியிருக்கிறது, பால் கட்டியிருக்கும், இல்லையென்றால் மலேரியாவாக இருக்கும். மதினி திரும்ப வாயைத் திறந்தாள். “சரிம்மா, நீ வெளிய இரு” என்று அனுப்பிவிட்டார்கள். போகும்போது என் கையைப் பிடித்து, “நீங்க எடுத்துச் சொல்லுங்கத்தா, நீங்க சொன்னாக் கேப்பாக” என்றாள்.

நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ‘சார், அந்த ரெண்டு கட்டமும் பொய்.’ நாற்றத்தைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். டாக்டர் முகத்தைப் பார்த்தேன், மேடம் முகத்தைப் பார்த்தேன். சர்ட்டிபிகேட் போய்விடும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அப்பா உயிரை எடுப்பார். இதெல்லாம்தான் மனதில் ஓடியது. குனிந்து அவள் போர்வையைச் சரி செய்தேன். நாக்கில் புண் வந்து செத்திருக்கலாம் நான்.

காய்ச்சலுக்கு ஊசி போட்டு, மலேரியாவுக்கு ரத்தம் எடுத்து, வார்டில் படுக்க வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேறொரு டாக்டர் வந்து பார்த்து, கர்ப்பப்பையில் சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். அதற்கான மருந்தை அப்புறம்தான் ஏற்றினார்கள். புதன்கிழமை மத்தியானம் அவள் போய்விட்டாள். குழந்தைக்கு அன்றைக்கு எட்டு நாள்.

ஒரு நாள் முன்னால் அந்த மருந்து ஏறியிருந்தால் பிழைத்திருப்பாளா? சனிக்கிழமை நான் போயிருந்தால்? எனக்குத் தெரியாது. தெரியாமலே சாகப் போகிறேன்.

அடுத்த வாரம் டியூட்டர் மேடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குச் சந்தேகம் இருந்ததோ இல்லையோ, கேட்கவில்லை. “கடைசிப் பக்கம் மட்டும் கிழிச்சிட்டு வேற எழுது. மத்ததெல்லாம் நல்லாயிருக்கு, வீணாக்க வேண்டாம்” என்றார். ‘தாயும் சேயும் நலம்’ என்பதை மட்டும் எடுத்துவிட்டு, தினமும் கவனிப்பதன் முக்கியத்துவத்தை அப்படியே எழுதினேன். இருபதுக்குப் பதினெட்டு. சிவப்பு மையில் ‘வெரி குட்’. அந்த நோட்டை மாதிரிக்காகப் பள்ளி அலமாரியிலேயே வைத்துக்கொண்டார்கள். எத்தனை பிள்ளைகள் அதைப் பார்த்துக் காப்பி அடித்தார்களோ.

ஒன்பது பத்து வருடம் கழித்து, தேனி பஸ் ஸ்டாண்டில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். திரும்பினால் மதினி. தலை நரைத்திருந்தது. கூட ஒரு பெண் குழந்தை, ரெட்டைச் சடை. பார்த்தவுடன் யார் பிள்ளை என்று தெரிந்துவிட்டது. அதே சிரிப்பு. இவள் கேட்கப் போகிறாள், ஏன் வரவில்லை என்று இப்போதாவது கேட்கப் போகிறாள், கேட்டால் சொல்லிவிடலாம் என்று நின்றேன்.

அவள் கேட்கவில்லை. பிள்ளையை முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

“ஏத்தா, இவுகதான். ஒங்க ஆத்தாளக் கடைசி வரைக்கும் மடியில வச்சுப் பாத்தவுக. பெத்தவகூட அப்படிப் பாக்க மாட்டாக. கும்பிட்டுக்க.”

அந்தப் பிள்ளை ரெண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டது.

சொல்லியிருக்கலாம், அன்றைக்கும் சொல்லியிருக்கலாம். “நல்லாயிரும்மா” என்று அதன் தலையில் கை வைத்தேன். போடி பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு வேலையை விடும் வரைக்கும், தெர்மாமீட்டரைக் கண்ணால் பார்க்காமல் ஒரு எண்ணைக்கூட நான் எழுதியதில்லை. சொன்ன நாளில் ஒரு வீட்டுக்கும் போகாமல் இருந்ததில்லை. அதைப் பார்த்துத்தான் மாலை போட்டார்கள். ஆனால் அந்தக் கடைசிப் பக்கத்தில் எழுதியதை உண்மையாகவே கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பிள்ளையின் ஆத்தா தேவைப்பட்டாள். கும்பிட்ட அந்தச் சின்னக் கைகளை நினைக்கும்போதெல்லாம், அவை என்னை அடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது.