இரண்டு வாசல் பஸ்ஸும் பதிமூன்றாவது ஆளும்

நடு எது என்று பார்க்கத் தெரியாமல், பதினைந்து என்று பலகையில் எழுதி என்னை அசிங்கப்படுத்தியது நீங்கள்தான். மில்லின் நிர்வாக அதிகாரியாகிய நீங்கள். கேட்டில் நேரம் குறித்த செக்யூரிட்டி மேலோ, படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவர் மேலோ பழியைத் தள்ள வேண்டாம். சிவப்பு மார்க்கர் உங்கள் கையில் இருந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

படிக்கிறவர்களுக்கு விவரம் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் பஸ் டிரைவர். ராஜபாளையம் தாண்டி சேத்தூர் போகும் வழியில் உள்ள ஒரு நூல் மில்லுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ்ஸும் என் தெருமுனையில்தான் நிற்கும். காலை ஆறு மணிக்குக் கிளப்பி, வழியெல்லாம் ஆள் ஏற்றி, ஆறே முக்காலுக்கு மில் கேட்டில் நிறுத்த வேண்டும். ஏழு மணிக்கு ஷிப்ட். அந்த பஸ் ஒரு காலத்தில் டவுன் பஸ்ஸாக ஓடியது. ஓய்ந்த பிறகு மில்லில் வாங்கி நீலப் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் மாறினாலும் டவுன் பஸ் புத்தி போகவில்லை. முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல். இரண்டுக்கும் கதவு கிடையாது.

போன வருஷம், ஆண்டாள் கோவில் தேர் முடிந்த கையோடு, அதிகாரி ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் கேண்டீன் சுவரில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒரு வரைபடம் ஒட்டினார். முந்தின மாதம் என் பஸ் எத்தனை நாள் எத்தனை நிமிடம் தாமதம் என்பதுதான் அந்தப் படம். கீழ்க்கோட்டில் நிமிடம்: பூஜ்யம், ஐந்து, பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து, முப்பது. செக்யூரிட்டி ஐந்து ஐந்தாகத்தான் எழுதுவார், அதற்கு மேல் துல்லியம் அவருக்குத் தேவையில்லை. ஒவ்வொரு எண்ணுக்கு மேலும் ஒரு பட்டை. பட்டை எவ்வளவு உயரமோ அத்தனை நாள். பூஜ்யத்துக்கு மேல் ஆறு நாள். ஐந்துக்கு மேல் எட்டு. பத்துக்கு நான்கு. பதினைந்துக்கு மூன்று. இருபதுக்கு இரண்டு. இருபத்தைந்துக்கு ஒன்று, அது பஞ்சர். முப்பதுக்கு ஒன்று, அது தேர். மொத்தம் இருபத்தைந்து வேலை நாள்.

படத்துக்குக் கீழே ஒரு விதி. இடைநிலைத் தாமதம் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தால் டிரைவர் மாற்றப்படுவார். மாற்றம் என்றால் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். மில்லுக்குள்ளேயே கழிவுப் பஞ்சு அள்ளும் டிராக்டர். நாளெல்லாம் மூக்கிலும் காதிலும் பஞ்சு. எனக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. பன்னிரண்டு வருஷம் இந்த ரோட்டில் ஓட்டியவன், காம்பவுண்டுக்குள் வட்டமடித்தால் ஆறு மாதம் தாங்க மாட்டேன்.

என்னைக் கூப்பிட்டார். நல்லவிதமாகத்தான் பேசினார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"தேர் நாள் ஒண்ணை வச்சு உங்களைத் தண்டிக்கக் கூடாதுங்க. அதனாலதான் சராசரி போடாம நடுவுல வர்ற நாளைப் பாக்குறோம். இது உங்களுக்கு நல்லது" என்றார்.

"சரி சார், நடு எது?"

"நீங்க ராஜபாளையத்துல ஆரம்பிச்சு ஊருக்குப் போறப்ப எத்தனை ஸ்டாப்?"

"ஏழு."

"நடு ஸ்டாப் எது?"

"நாலாவது."

"அவ்வளவுதான். இங்கயும் ஏழு பட்டை. நாலாவது பட்டை பதினஞ்சு." சிவப்பு மார்க்கரால் பதினைந்தைச் சுற்றி வட்டம் போட்டார். 'இடைநிலை = 15' என்று பக்கத்தில் எழுதினார். பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். ஸ்டாப் கணக்கு எனக்குச் சரியாகவே பட்டது. டிரைவரிடம் ஸ்டாப்பைக் காட்டி ஏமாற்றலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அல்லது அவரே ஏமாந்திருக்கிறார். இரண்டில் எது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வரும் திங்கட்கிழமையிலிருந்து டிராக்டர் என்று பேச்சு. இன்னும் இரண்டு நாள் இருந்தது. அன்று மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து ஆட்கள் ஏறினார்கள். நூல் நூற்கும் ரிங் பிரேம் மிஷினில் வேலை செய்யும் ஒரு பெண் உண்டு, என் ஊர்க்காரி, வாய்க்குப் பூட்டே கிடையாது. ஏறும்போதே ஆரம்பித்தாள்.

"என்ன அண்ணே, போர்டுல பேரு ஏறிருச்சே. முட்டாயி கிடையாதா?"

"செத்த நேரம் சும்மா இரு தாயி."

"டிராக்டர்ல எங்களையும் ஏத்துவீங்களா? பஞ்சு மேல மெத்துன்னு உக்காந்து வாரோம்."

பஸ் முழுக்கச் சிரிப்பு. நான் கியரைப் போட்ட வேகத்தில் நின்றவர்கள் எல்லாம் ஒரு எட்டுப் பின்னால் போய் வந்தார்கள்.

முதல் ஸ்டாப்பில் ஒரு கூட்டம் இறங்கியது. இரண்டாவது ஸ்டாப் பஞ்சு மார்க்கெட். அங்கே இன்னும் பெரிய கூட்டம் இறங்கியது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். பஸ் பாதிக்கு மேல் காலி. மூன்றாவதில் நான்கைந்து பேர். நான்காவது ஸ்டாப் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே கூடையோடு ஒரே ஒரு அம்மாள் இறங்கினார்.

நான் பஸ்ஸை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தேன். நடு ஸ்டாப் இதுதான், நாலாவது, சரி. ஆனால் நடு ஆள் எங்கே? நடு ஆள் எப்போதோ பஞ்சு மார்க்கெட்டில் இறங்கி, டீ குடித்து, வீட்டுக்கும் போயிருப்பான்.

அதேதான் அந்தப் படமும். பட்டை என்பது ஸ்டாப். பட்டையின் உயரம் அங்கே இறங்குகிற ஆள். நடு ஸ்டாப்பைக் கேட்கக் கூடாது, நடு ஆளைக் கேட்க வேண்டும். இருபத்தைந்து நாளையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக நிறுத்தினால் பதிமூன்றாவது நாள்தான் நடு. இந்தப் பக்கம் பன்னிரண்டு, அந்தப் பக்கம் பன்னிரண்டு. பூஜ்யத்தில் ஆறு பேர் போய்விட்டார்கள். ஐந்தில் எட்டுப் பேர், ஆக பதினான்கு. பதிமூன்றாவது ஆள் அந்த எட்டுக்குள்தான் இருக்கிறான்.

ஐந்து நிமிடம். பதினைந்து இல்லை. ஐந்து.

"அண்ணே, வண்டி நின்னு போச்சா, நீங்க நின்னு போனீங்களா?" என்றாள் அவள். அவளிடம் சொன்னேன். விரல் மடக்கிப் பார்த்தாள். மறுபடி மடக்கினாள். பிறகு அவளும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் இருந்த ஒன்பது பத்துப் பேரும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அப்படியே போனோம். எத்தனையோ தடவை போன ரோடு, அன்றைக்கு ஒரு குழிகூட என் கண்ணில் படவில்லை. குழி எல்லாம் இருக்கத்தான் செய்தது.

அதிகாரியிடம் போய்ச் சொன்னால் கேட்பாரா? கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டுவார். எல்லார் முன்னாலும் காட்டினால்தான் உண்டு.

என் சீட்டுக்கு மேலே தினசரி காலண்டர் தொங்கும். ஆறு மணிக்குத் தாளைக் கிழித்து, வண்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் சாவியைத் திருகுவேன். கண்ணாடி துடைக்க உதவும். அதில் போன மாதத் தாள் இருபத்தைந்து எடுத்தேன். ஒவ்வொன்றின் பின்பக்கமும் படத்தில் உள்ளபடி எண் எழுதினேன். ஆறு தாளில் பூஜ்யம். எட்டில் ஐந்து. அப்படியே கடைசி வரை. தேர் நாள் தாளைத் தேடிப் பிடித்து முப்பது எழுதினேன்.

மறுநாள் காலை ஆறு முப்பதுக்கே கேட்டில் இருந்தேன். நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்க வேண்டாம். இறங்க எழுந்தவர்களை உட்கார வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். மிஷின் பழுது பார்க்கிற பிட்டர் ஒருவர் உண்டு, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என் வயதுதான். அவர் கீழே இறங்கி, இரண்டு வாசலும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டார்.

"நான் எண்ணுதேன். எவனும் முந்தக் கூடாது. முன்வாசல்ல ஒரு ஆளு, பின்வாசல்ல ஒரு ஆளு. ஒண்ணா எறங்கணும். ஏலே டிரைவரு, நீ ஹாரன் அடி."

தாளைப் பிரித்துக் கொடுத்தேன். பூஜ்யம் வைத்திருப்பவர்கள் முன்வாசல் பக்கம், முப்பது பின்வாசலில், நடுவில் மற்றவர்கள் வரிசையாக. தாள் கிடைக்காதவர்கள் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ரிங் பிரேம்காரிக்கு முப்பது வந்தது.

"எனக்கு இது வேண்டாம். தேர் அன்னிக்கு நான் லீவு."

"உன்னைய மாதிரி ஆளு குறுக்க வந்துதான் அன்னிக்கு வண்டி போகல. பிடி தாயி" என்றேன்.

வரிசை நிற்பதற்குள் பெரிய பாடு. "ஏட்டி, நீ பத்து, நீ ஏன் அஞ்சுக்கு முன்னால நிக்க?" என்று ஒருத்தி. "எல்லா பத்தும் ஒண்ணுதான, யாரு முன்ன நின்னா என்ன" என்று இன்னொருத்தி. அவள் சொன்னதுதான் சரி. பத்துக்குள் யார் முன்னால் என்பது கணக்கே இல்லை.

ஹாரன் அடித்தேன்.

"ஒகட்டி" என்றார் பிட்டர், தெலுங்கில் ஒன்று. முன்னால் ஒரு பூஜ்யம் இறங்கியது. பின்னால் முப்பது இறங்கினாள், தாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தேரே அவள்தான் என்கிற மாதிரி.

ஹாரன். "ரெண்டு." பூஜ்யமும் இருபத்தைந்தும். ஹாரன். "மூடு." பூஜ்யமும் இருபதும். இன்னொரு பஸ்ஸில் வந்தவர்களும் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். செக்யூரிட்டி விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. ஹாரனுக்கு ஹாரன் இரண்டு வாசலிலும் ஆள் குதித்தார்கள். ஒருவர் செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. அவர் வெறுங்காலோடு நின்று கைதட்டினார்.

"ஏடு" என்றார் பிட்டர். ஏழாவது ஜோடி. முன்னால் ஒரு ஐந்து இறங்கியது. பின்னால் இறங்கியது கடைசிப் பதினைந்து.

"பதினஞ்சு காலி" என்று ரிங் பிரேம்காரி ஜன்னலில் தட்டினாள். "உள்ள எத்தன பேரு அண்ணே?"

எண்ணினேன். தாளோடு பதினோரு பேர் இன்னும் பஸ்ஸுக்குள் நின்றார்கள். பதினைந்தெல்லாம் கீழே நிற்கிறது, பதினோரு பேர் மேலே. அந்த நேரத்தில்தான் அதிகாரி தன் வண்டியை கேட்டில் நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டே ஹாரன் அடித்தேன்.

எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. பின்வாசலில் பத்துகள் எல்லாம் போயின. "பன்னெண்டு" என்றார் பிட்டர். முன்னாலும் ஐந்து, பின்னாலும் ஐந்து.

உள்ளே ஒருத்தி மட்டும் நின்றாள். கான்சாபுரத்திலிருந்து வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வீட்டில் தங்கி வேலைக்கு வருகிற பெண். சேர்ந்து ஒரு மாதம்தான். ஏறினால் இறங்கும்வரை வாய் திறக்க மாட்டாள். இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் எந்த வாசல்ல எறங்க?"

"நீ எறங்கவே வேண்டாம் தாயி. தாள்ல என்ன இருக்கு, சத்தமாச் சொல்லு."

திருப்பிப் பார்த்தாள். "அஞ்சு" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. பிட்டர் கீழேயிருந்து, "கேக்கல" என்றார். அவள் ஜன்னலில் தலையை விட்டு, மில் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். "அஞ்சு."

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை எழுதத் தெரியவில்லை. நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ரிங் பிரேம்காரி அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கினாள். பிட்டர் என் முதுகில் அடித்த அடி இரண்டு நாள் வலித்தது. பன்னிரண்டு பேர் இந்தப் பக்கம், பன்னிரண்டு பேர் அந்தப் பக்கம், நடுவில் கான்சாபுரத்துப் பெண். எனக்கு எதிரே இருந்த கண்ணாடியில் ஒரு கிறுக்கன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அது நான்தான்.

அதிகாரி ஒரு வார்த்தைதான் பேசினார். "மணியாச்சு, உள்ள போங்க."

பத்து மணிக்கு என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"உங்க ரூட் மாறல. டிராக்டர் கிடையாது. போய் வேலையைப் பாருங்க. இதைப் பெருசாக்க வேண்டாம்."

"அப்ப போர்டு சார்?"

"அது பழைய மாசம். விடுங்க."

விட்டேன். சந்தோஷத்தில் விட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் போர்டு அப்படியே இருக்கிறது. மாதம் மாதம் புதுப் படம் ஒட்டுவார் என்று பார்த்தேன், ஒட்டவில்லை. ஒரு வருஷமாக அதே படம், அதே சிவப்பு வட்டம், அதே பதினைந்து. மற்ற ஷிப்டுக்காரர்கள் அன்று காலை அங்கே இல்லை. அவர்களுக்கு என் பெயரே பதினஞ்சு. "பதினஞ்சு வந்துருச்சா?" என்று பஸ்ஸைக் கேட்கிறார்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, ஆறு நாற்பதுக்கு கேட்டில் இறங்கும்போது கேட்டாள்: "இன்னிக்கு மட்டும் எப்படிண்ணே சீக்கிரம் வந்தீங்க?"

அதனால்தான் இதை எழுதுகிறேன். சராசரி போட்டால்கூட அந்த மாதம் ஒன்பது நிமிடத்தைத் தாண்டாது. வேண்டுமானால் கூட்டிப் பாருங்கள். எந்தக் கணக்கிலும் பதினைந்து வராது. கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் சரி சொன்னீர்கள். எனக்கு அது போதாது. வட்டம் போட்டது கேண்டீன் சுவரில். அங்கேயே பதில் சொல்லுங்கள். மதியம் மூன்று மணிக்கு ஒரு ஷிப்ட் வெளியே வருகிறது, ஒரு ஷிப்ட் உள்ளே போகிறது. இரண்டும் கேண்டீனில் இருக்கும். அதே சிவப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு வாருங்கள். இருபத்தைந்து தாளும் வண்டிப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, நான் கொண்டு வருகிறேன். அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள்: நடு நாள் எது, பதினைந்தா, ஐந்தா?